பூவுக்குள் ஒரு செவிலித்தாய்



தொடக்கநிலை ஐந்தில் அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகள் பூவின் பாகங்களைத் தடுமாற்றமின்றி ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார்கள். சற்று முயன்றால் தமிழிலும் சொல்வார்கள். ஆணுறுப்பு மகரந்தத்தாள், அதன் தலைப்பகுதி மகரந்தப்பை, பைக்குள் மகரந்தத்தூள். படத்தில் கோடு இழுத்துப் பெயரை எழுதிவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். பைக்குள் தூள் எப்படி வந்தது என்று ஒரு பிள்ளையும் கேட்டு நான் பார்த்ததில்லை. 'பை' என்னும் சொல்லே அதற்குக் காரணமாக இருக்கலாம். பை என்றால் எதையாவது வாங்கிப் போட்டுக்கொள்வதற்கு உரியது என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். தேக்காச் சந்தைக்கு அம்மா எடுத்துச் செல்லும் பையைப் போல. மகரந்தப்பைக்குள் யாரும் எதையும் கொண்டுவந்து போடுவதில்லை. பிறப்பு, வளர்ப்பு, இறப்பு மூன்றும் நிகழும் வீடு அது.

இதை எழுத நேர்ந்தது ஒரு சொல்லால். சென்ற ஆண்டு என் பழைய மாணவி ஒருத்தி சிராங்கூன் சாலையில் எதிர்ப்பட்டாள். இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிரியல் சார்ந்த படிப்பில் இருக்கிறாள். நலம் விசாரித்து முடிந்ததும், "ஆசிரியர், டபீட்டம் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?" என்று கேட்டாள். அவளுடைய பாட்டி ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து இவர்களோடு தங்கியிருக்கிறார். என்ன படிக்கிறாய் என்று பாட்டி கேட்டாராம். பூவைப் பற்றி என்றாளாம். பூவில் படிக்க என்ன இருக்கிறது என்று அடுத்த கேள்வி வந்ததும் விழித்திருக்கிறாள். பத்தாண்டுகள் தமிழ் படித்த பிள்ளை அவள். வாய்மொழித் தேர்வில் எந்தப் படத்தைக் காட்டினாலும் மளமளவென்று பேசக்கூடியவள். தான் படிப்பது இன்னது என்று தன் பாட்டிக்குச் சொல்ல அவளிடம் சொல் இல்லை.

டபீட்டம் என்றுதான் தமிழ்நாட்டுப் பாடநூல்களும் எழுதுகின்றன. கம்பளம், விரிப்பு என்னும் பொருளுடைய பழைய இலத்தீன் சொல் அது. மகரந்தப்பையின் உட்சுவரில் விரிப்புப் போலப் படிந்திருப்பதால் அந்தப் பெயர் வந்தது. உருவத்தைப் பார்த்து இட்ட பெயரே தவிர, செய்யும் வேலையைப் பார்த்து இட்டதன்று. வேலையைப் பார்த்துப் பெயரிடுவதானால் தமிழில் நமக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள சொல் ஒன்று இருக்கிறது. செவிலி. அகத்திணையில் தலைவியைப் பெற்றவள் நற்றாய். பாலூட்டிச் சோறூட்டி வளர்ப்பவள் செவிலித்தாய். மகரந்தப்பையிலும் நற்றாயும் உண்டு, செவிலியும் உண்டு. ஆகவே 'செவிலிப் படலம்' என்று சொல்லிப் பார் என்றேன். தாவரவியலார் ஏற்பார்களோ, மாட்டார்களோ. பாட்டிக்கு விளங்கினால் போதும்.

இனிச் செய்திக்கு வருகிறேன்.

இளம் மொட்டில் மகரந்தப்பை பச்சைநிறத்தில் சிறு புடைப்பாக இருக்கும். அதைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலான பூக்களில் நான்கு அறைகள் தெரியும். ஒவ்வோர் அறையின் நடுவிலும் மகரந்தத் தாய்ச்செல்கள் கூட்டமாக நிற்கும். அவற்றைச் சுற்றி நான்கு சுற்றுச் சுவர். வெளிப்புறம் தோல், அதற்குள் பூ முதிர்ந்தபின் பையை வெடிக்கச் செய்யும் அடுக்கு, அதற்குள் மெல்லிய இடையடுக்கு, எல்லாவற்றுக்கும் உள்ளே, தாய்ச்செல்களை நேராகத் தொட்டுக்கொண்டு, செவிலிப் படலம். வெளியிலிருந்து வரும் எந்த உணவும் இந்தப் படலத்தைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். படலத்தின் செல்கள் மற்றச் செல்களைவிடப் பருத்தவை. பல தாவரங்களில் ஒரே செல்லுக்குள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உட்கருக்கள் இருக்கும். செய்ய வேண்டிய வேலை அவ்வளவு.

தாய்ச்செல் ஒவ்வொன்றும் குன்றல் பகுப்பு அடைந்து நான்கு நுண்வித்துகளாகிறது. நான்கும் கேலோஸ் என்னும் பொருளாலான உறைக்குள் ஒட்டிக் கிடக்கும். செவிலிச் செல்கள் தக்க நேரத்தில் ஒரு நொதியைச் சுரந்து அந்த உறையைக் கரைக்கின்றன. நான்கு பிள்ளைகளும் பிரிந்து வெளிவருகின்றன. பிறகு அவற்றுக்கு உணவு, அதன்பின் மேலாடை. மகரந்தத்தூளின் வெளியுறை ஸ்போரோபொல்லெனின் என்னும் பொருளால் ஆனது. உயிருலகம் உண்டாக்கும் பொருள்களில் இதைப்போல் அழியாதவை மிகச் சில. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உதிர்ந்த மகரந்தம் பாறைக்குள் வடிவம் கெடாமல் கிடப்பதும், அதைக்கொண்டு பழைய காடுகளை ஆய்வாளர்கள் அடையாளம் காண்பதும் இதனால்தான். அந்த உறைக்கான மூலப்பொருள்களைச் சமைத்து அனுப்புவது செவிலிப் படலமே.

கடைசி வேலை சாவு. செவிலிச் செல்கள் தாமாகவே, குறித்த ஒழுங்கில் சிதைகின்றன. சிதைந்த உடலிலிருந்து கசியும் எண்ணெய்ப் பசையும் புரதமும் மகரந்தத்தூளின் மேல் படிகின்றன. தேனீயின் காலில் தூள் ஒட்டிக்கொள்வதற்கும், சூலகமுடி அதனைத் தன்னினம் என்று அறிவதற்கும் அந்தப் பூச்சுத் துணைசெய்கிறது. அகப்பாடல்களில் தலைவி உடன்போக்கில் சென்றபின் செவிலி தேடிப் புலம்புவாள். பூவில் அந்தப் புலம்பலுக்கு இடமில்லை. பை வெடித்து மகரந்தம் புறப்படும் நாளில் செவிலி உயிரோடு இருப்பதில்லை; புறப்படுகிற பிள்ளையின் மேனியில் பூச்சாக இருக்கிறாள்.

இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. பலரும் அறியாத செய்தி என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மூலக்கூற்று வேளாண் உயிரியல் கழகம் என்று ஓர் ஆய்வுக்கூடம் இயங்கியது. அங்கே வெங்கடேசன் சுந்தரேசன், யே தெ முதலியோர் அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியை ஆராய்ந்தார்கள். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த களை அது, சாணளவு வளரும், பூ அரிசியளவுகூட இராது. விரைவில் வளர்ந்து விதை வைப்பதால் தாவர ஆய்வாளர்களுக்கு அது செல்லப்பிள்ளை. 1999இல் இவர்கள் வெளியிட்ட கட்டுரை ஒரு மரபணுவைப் பற்றியது. அந்த மரபணு கெட்டுப்போன செடியில் மகரந்தத் தாய்ச்செல்லே உருவாகவில்லை. நற்றாய் இல்லாத வீடு.

2003இல் டெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வகத்திலிருந்து அடுத்த கட்டுரை வந்தது. இதுவே நான் மாணவிக்கு விரித்துச் சொன்னது. இம்முறை கெட்டுப்போன மரபணு வேறு, விளைவும் நேர்மாறு. செடி நன்றாக வளர்ந்தது, பூத்தது. மகரந்தப்பைக்குள் பார்த்தபோது தாய்ச்செல்கள் வழக்கத்தைவிட மிகுதியாக நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. செவிலிப் படலத்தைத்தான் காணவில்லை. செவிலியாக வேண்டிய செல்கள் யாவும் தாங்களும் தாய்ச்செல்களாகிவிட்டன. தாய்கள் கூடினால் பிள்ளைகளும் கூடத்தானே வேண்டும்? ஒரு மகரந்தத்தூள்கூட இல்லை. ஊட்ட ஆளின்றித் தாய்ச்செல்கள் அனைத்தும் அழிந்துபோயின. அந்த மரபணுவுக்கு 'செவிலிப் படலத்தைத் தீர்மானிப்பது' என்னும் பொருள்படப் பெயரிட்டார்கள்.

இதற்கு ஓராண்டு முன்பு, 2002இல், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இரு குழுவினர் வேறொரு மரபணுவைக் கண்டிருந்தனர். அது கெட்டாலும் இதே கதைதான். பின்னர் வந்த ஆய்வுகள் இரண்டையும் சேர்த்துவைத்தன. சிங்கப்பூரில் கண்டறிந்த மரபணு ஒரு சிறு புரதத்தை உண்டாக்குகிறது, அது ஓலை. மற்ற மரபணு உண்டாக்குவது அந்த ஓலையை வாங்கிப் படிக்கும் புரதம். ஓலையை எழுதி அனுப்புவன பெரும்பாலும் நடுவிலிருக்கும் தாய்ச்செல்கள். வாங்கிக்கொள்வன சுற்றி நிற்கும் செல்கள். 'நீ என்னைப்போல் ஆகாதே. என்னைச் சுற்றி நின்று ஊட்டு' என்பது அதில் உள்ள செய்தி. ஓலை அனுப்பப்படாவிட்டாலும், வந்த ஓலையைப் படிக்க ஆளில்லாவிட்டாலும் முடிவு ஒன்றே. நெல்லிலும் இதே முறை இருப்பது பின்னர் உறுதியாயிற்று.

இந்தச் சுந்தரேசன் பின்னர் கலிபோர்னியாவுக்குச் சென்றார். 2024இல் வேளாண்மைக்கான ஊல்ஃப் பரிசைப் பெற்ற மூவருள் அவரும் ஒருவர். வாண்டா மிஸ் ஜோக்கிம் பூவைத் தேசிய மலராகக் கொண்டாடும் நாம், பூவுக்குள் ஓலை செல்லும் வழியை நம் ஊரில் கண்டறிந்ததையும் வகுப்பில் ஒருமுறை சொல்லலாம். தமிழ் வகுப்பில் சொல்லலாமா என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். 1982இல் மூடப்பட்ட உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியில் அறிவியலையும் தமிழிலேதான் படித்தார்கள். அந்தக் கதவு சாத்தியபின் தமிழ் வகுப்புக்குப் பொங்கலும் தீபாவளியும் மட்டும் என்று யார் வரையறுத்தார்கள்?

செவிலி இல்லாவிட்டால் மகரந்தம் இல்லை என்பது எளிதில் விளங்குகிறது. செவிலி இருந்தும் நேரம் தவறினால் என்ன ஆகும் என்பது அதைவிடச் சுவையானது. நெல்லில் ஒரு மரபணு கெட்டால் செவிலிப் படலம் சாக வேண்டிய காலத்தில் சாகாமல் நீடிக்கிறது. 2006இல் சீன ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். செவிலி கூடுதல் நாள் இருந்தால் பிள்ளைகள் இன்னும் கொழுகொழுவென்று வளரும் என்று நாம் எதிர்பார்ப்போம். மகரந்தம் அழிந்துவிடுகிறது. வேறொரு வகை நெல்லில் செவிலி உரிய காலத்துக்கு முன்பே சாகிறது. அங்கும் மகரந்தம் இல்லை. முன்னதாகவும் கூடாது, பின்னதாகவும் கூடாது. சில நாள்களே நீளும் ஒரு வளர்ப்பில் இவ்வளவு நேரக் கண்டிப்பு.

இப்படி மகரந்தம் பிழைக்காத நிலைக்குத் தாவரவியலில் 'ஆண் மலட்டுத்தன்மை' என்று பெயர். சூலகம் நன்றாகவே இருக்கும். வேறு செடியின் மகரந்தம் வந்து விழுந்தால் விதை வைக்கும். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 'மலடி' என்ற சொல்லுக்கு நம் பேச்சிலும் கதைகளிலும் திரைப்படங்களிலும் இருக்கும் ஆட்சி, 'மலடன்' என்பதற்கு இல்லை. பிள்ளையில்லாத வீட்டில் குற்றம் யார்மீது ஏற்றப்படுகிறது என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிக்கொடுக்கும். தாவரவியல் அந்தச் சொல்லை எந்த இழிவுமின்றி ஆணுக்கும் வைத்து, அதை வெறும் செல்களின் செய்தியாகப் பேசுகிறது. உயர்நிலை வகுப்புகளில் இச்சொல் வரும்போது பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிப்பு அடங்கியபின், அது பூவின் குற்றமுமன்று, எவருடைய குற்றமுமன்று என்று விளக்க நல்ல வாய்ப்பு அமைகிறது. நான் அதை நழுவவிடுவதில்லை.

மகரந்தம் இல்லாத செடியால் என்ன பயன்? உழவருக்கு அது பெரும்பயன். இரு வேறு இரகங்களைக் கலந்தால் பிறக்கும் முதல் தலைமுறை பெற்றோரைவிடச் செழித்து வளரும். 'வீரிய ஒட்டு' என்று ஊரில் சொல்வது இதைத்தான். நெல்லைக் கலப்பது எளிதன்று. ஒவ்வொரு நெற்பூவிலும் ஆறு மகரந்தத்தாள்களும் ஒரு சூலகமும் ஒரே உமிக்குள் இருக்கின்றன. உமி திறக்கும்போதே தன் மகரந்தம் தன் சூலகத்தில் விழுந்துவிடும். ஒரு பூவுக்கு ஒரு நெல்மணிதான். வயல் முழுவதும் பூப்பூவாக மகரந்தத்தாளைப் பிடுங்கிக்கொண்டிருக்க யாரால் முடியும்? மகரந்தமே உண்டாகாத நெல் ஒன்று கிடைத்தால் அந்த வேலை மிச்சம்.

சீனத்தில் யுவான் லோங்பிங்கின் குழுவினர் 1970 நவம்பரில் ஹைனான் தீவில் அப்படியொரு காட்டுநெல்லைக் கண்டெடுத்தனர். அதிலிருந்து உருவான வீரிய ஒட்டு நெல் 1976 முதல் சீன வயல்களில் பரவியது. அந்தக் காட்டுநெல்லின் மலட்டுத்தன்மைக்குக் காரணம் என்னவென்று 2013இல்தான் தெளிவாயிற்று. அதன் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணு, செவிலிப் படலத்தில் ஒரு புரதத்தைச் சேரவிட்டு அதை முன்கூட்டியே சாகவைக்கிறது. முன்பு சொன்ன, 'காலத்துக்கு முன் செத்த செவிலி' இதுதான். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கோடிக்கணக்கானோர் உண்ட சோற்றின் பின்னால் அந்தச் சாவு இருந்திருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டுமே வரும். ஆகவே மலட்டுச் செடியின் பிள்ளைகளும் மலடாகவே பிறக்கும். அந்த மலட்டுத்தன்மையை அடக்கும் மரபணு உள்ள இரகத்தைத் தந்தையாக வைத்துக் கலந்தால், உழவர் விதைக்கும் தலைமுறையில் மகரந்தம் மீண்டும் உண்டாகி நெல் விளையும். இந்தியாவில் 1994இல் முதன்முதலாக வெளிவந்த வீரிய ஒட்டு நெல்லினங்களுள் கோயம்புத்தூரின் கோ.ஆர்.எச். 1 இடம்பெற்றது. இந்த விதை உற்பத்தி வயல்களில் பூக்கும் நாள்களில் முற்பகல் வேளையில் இருவர் இரு வரப்பில் நின்று, பயிர்களின் தலைமேல் படும்படி நீண்ட கயிற்றை இழுத்துக்கொண்டு நடப்பார்கள். தந்தை வரிசையிலிருந்து மகரந்தம் புகைபோல் எழுந்து தாய் வரிசையின்மேல் விழும். அவ்வளவே வேலை.

மாணவி இதையெல்லாம் வீட்டில் சொல்லியிருக்கிறாள். இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தாள். பாட்டி பாதியிலேயே நிறுத்தி, "அதத்தானே நாங்க நகத்தால கிள்ளுவோம்" என்றாராம்.

பாட்டி சொன்னது பருத்தி. 1970இல் சூரத்தில் சி. டி. பட்டேல் எச்-4 என்னும் பருத்தியை உருவாக்கினார். வணிக முறையில் பயிரான முதல் ஒட்டுப் பருத்தி அது. அதற்கு ஆண் மலட்டுச் செடி தேவைப்படவில்லை. மனிதக் கை போதுமானதாக இருந்தது. பருத்திப்பூ பெரியது, ஒரு காயில் பல விதைகள் கிடைக்கும். ஆகவே கைவேலை கட்டுபடியாகும். மறுநாள் மலர இருக்கும் மொட்டை முதல்நாள் பிற்பகலில் தேர்ந்து, கட்டைவிரல் நகத்தால் கீறி, இதழோடு மகரந்தத்தாள் குழலையும் உரித்தெடுக்க வேண்டும். சூலகத்தில் கீறல் படக்கூடாது. பிறகு காகித உறையால் மூட வேண்டும். மறுநாள் காலையில் வேறு இரகத்தின் பூவைக் கொண்டுவந்து சூலகமுடியில் தடவ வேண்டும். சேலம் பக்கத்தில் இதற்குக் 'கிராஸிங் வேலை' என்று பெயர். ஒவ்வொரு செடியிலும் ஒவ்வொரு நாளும் புதிய மொட்டுகள். ஒரு மொட்டைத் தவறவிட்டாலும் கலப்பில்லாத விதை சேர்ந்துவிடும் என்பதால் பல வாரங்கள் விடுமுறையின்றி வேலை நடக்கும். இதற்குச் சிறிய விரல்களே தோதானவை என்றும், கூலியும் குறைவு என்றும் சிறுமிகளை அழைத்துப் போனார்கள். ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் குஜராத்திலும் பருத்தி விதை வயல்களில் சிறுமிகள் உழைத்தது ஆய்வறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. செடியின் உயரமும் சிறுமியின் உயரமும் ஒன்று என்பதால் குனியும் வேலை இல்லையாம். இப்படியும் ஒரு காரணம் சொல்வார்கள்.

மாணவியின் பாட்டி அந்த வேலைக்குப் போனபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. பருவம் முடிந்து திரும்பியபோது பள்ளியில் பாடம் வெகுதூரம் போய்விட்டது. அதன்பின் பள்ளிக்கு அவர் போகவில்லை. செவிலிப் படலம் என்ற சொல் அவருக்குப் புதிது. அந்தப் படலம் இருக்கும் இடத்தை மட்டும் விரல் நகம் அறிந்திருக்கிறது. பேத்தி நுண்ணோக்கியில் பார்ப்பதைத் தாம் வெறுங்கண்ணால் ஒரு நாளைக்கு எத்தனை நூறு முறை கிள்ளி எறிந்தோம் என்று கணக்குப் போட்டுச் சிரித்தாராம். "அந்தப் பூவே ஆணில்லாம பூத்திருந்தா நான் பள்ளிக்கூடம் போயிருப்பேனே" என்று சொன்னதாக மாணவி சொன்னாள். தொலைபேசியில் எனக்கு உடனே மறுமொழி சொல்ல வரவில்லை.

ஆண் மலட்டுச் செடி வந்துவிட்டால் எல்லாம் நலமாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. கூலி கொடுக்கிறவர் மனம் மாறாமல் செடி மட்டும் மாறினால், சிறுமி வேறு வயலுக்கு அனுப்பப்படுவாள். அறிவியலிலும் இதில் இடர் உண்டு. அமெரிக்காவில் மக்காச்சோள விதை உற்பத்தியில் பெரும்பகுதி ஒரே வகை ஆண் மலட்டுத்தன்மையை நம்பி நடந்தது. 1970இல் ஓர் இலைக்கருகல் பூசணம் பரவியது. அந்தச் சோளத்தில் மகரந்தத்தைக் கெடுத்த அதே மைட்டோகாண்ட்ரியாப் புரதம், பூசணத்தின் நஞ்சுக்கும் வாசலாக அமைந்துவிட்டது. அவ்வாண்டு அந்நாட்டு மக்காச்சோள விளைச்சலில் ஏறத்தாழ 15 விழுக்காடு போயிற்று. அதன்பின் பல இடங்களில் பள்ளிப் பிள்ளைகளைக் கூலிக்கு அமர்த்தி ஆண் கதிரைக் கையால் ஒடிக்கும் பழைய முறைக்குத் திரும்பினார்கள். அங்கும் பிள்ளைகளின் கைதான்!

செவிலிப் படலத்தை வேண்டுமென்றே கொல்லும் முறையும் உண்டு. 1990இல் பெல்ஜிய, அமெரிக்க ஆய்வாளர்கள் மண்ணில் வாழும் பாக்டீரியம் ஒன்றிலிருந்து செல்லைக் கொல்லும் நொதியின் மரபணுவை எடுத்து, அது செவிலிப் படலத்தில் மட்டும் விழித்தெழும்படி செய்தார்கள். செடியின் வேறு எந்தப் பகுதிக்கும் தீங்கில்லை. மகரந்தம் மட்டும் இல்லை. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் குழுவினர் உருவாக்கிய டி.எம்.எச். 11 என்னும் கடுகு இந்த வழியில் வந்தது. 2022 அக்டோபரில் இந்தியாவின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு அதைச் சுற்றுச்சூழலில் வெளியிடப் பரிந்துரைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2024 ஜூலையில் இரு நீதிபதிகளும் இரு வேறு தீர்ப்பு எழுதினார்கள். சில நாள்களே வாழும் ஓர் அடுக்குச் செல்லைப் பற்றி நாட்டின் உச்ச நீதிமன்றம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது என்று மாணவியிடம் சொன்னேன். இதைப் பாட்டியிடம் சொல்ல இன்னொரு சொல் வேண்டுமே என்றாள். 'நீதிமன்றம்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது என்றேன்.

பிள்ளைகளுக்கு இதைக் காட்ட ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. பஃபலோ ரோட்டுப் பூக்கடைகளில் தொடங்கலாம். அங்கே சரமாகத் தொங்கும் குண்டுமல்லியில் அடுக்கடுக்காக இதழ்கள் இருக்கும். இப்படிப்பட்ட அடுக்குப் பூக்கள் பலவற்றில் மகரந்தத்தாளாக வேண்டியது இதழாக மாறியிருக்கும். குண்டுமல்லியை விதை போட்டு வளர்ப்பதில்லை. தண்டை வெட்டி நட்டுத்தான் பெருக்குகிறார்கள். மதுரை மல்லிக்கான நாற்றுகள் இராமேசுவரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து செல்கின்றன. நாம் தலையில் சூடும் பூ பெரும்பாலும் பிள்ளை பெறாத பூ என்று சொன்னால், மலடு என்ற சொல்லைப் பற்றி வகுப்பில் பேச இன்னொரு வழி திறக்கும்.

அடுத்துச் செம்பருத்தி. அடுக்குமாடிக் கீழ்த்தளத் தோட்டங்களில் பெரும்பாலும் கிடைக்கும். ஐந்து இதழ் உள்ள ஒற்றைச் செம்பருத்தியைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் நீளும் குழலின்மேல் மஞ்சள் மணிகளாக மகரந்தப்பைகள் இருக்கும். நன்கு மலர்ந்த பூவில் அவை வெடித்திருக்கும். கறுப்புத் தாளில் மெல்லத் தட்டி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையால் பாருங்கள். செம்பருத்தியின் மகரந்தத்தூள் பெரியது. பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். முள்பந்து போலத் தெரியும். விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிசுபிசுப்பு செவிலி விட்டுச்சென்றது. பிறகு அதே செடியில் இன்னும் விரியாத, விரல்நுனி அளவுள்ள பச்சை மொட்டை நகத்தால் பிளந்து பாருங்கள். மகரந்தப்பைகள் வெளிறி, மூடி, ஈரமாக இருக்கும். செவிலி உள்ளே உயிரோடு வேலையில் இருக்கும் பருவம் அது. கண்ணுக்கு அது தெரியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் வரையச் சொல்லலாம். செம்பருத்தி ஒருநாள் பூ; காலை பத்து மணிக்குள் பறித்துவிடுவது நல்லது. மழை பெய்த நாளில் தூள் நனைந்து கட்டியாகிவிடும்.